சற்று நகர்ந்து இடம் கொடுங்கள்



மும்பை மின்சார ரயிலின் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் பயணம் செய்கிறவர்கள் எல்லாரும் அறிந்த ஒரு வழக்கம் உண்டு. மூன்று பேருக்கென்று செய்யப்பட்ட இருக்கையில் நான்கு பேர் அமருவார்கள். நான்காவது ஆள் வந்து நின்று, "தோடா சர்கோ" என்பார். சற்று நகருங்கள் என்பது அதன் பொருள். அமர்ந்திருக்கிற மூவரும் ஒரு வார்த்தையும் பேசாமல் ஜன்னல் பக்கமாய் ஒதுங்குவார்கள். வந்தவருக்குப் பாதி இடமே கிடைக்கும். ஆனாலும் அவர் இனி நிற்கிறவர் அல்ல, உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருவர். இந்தப் பட்டணத்தில் குடியேறிய நம்மில் அநேகருடைய வாழ்க்கை, இப்படி யாரோ ஒருவர் நகர்ந்து கொடுத்த பாதி இடத்தில்தான் தொடங்கியது. என் வாழ்க்கையும் அப்படியே தொடங்கியது.

ஆனால் எனக்குக் கிடைத்த அந்தச் சிலாக்கியத்தை நான் முற்றிலும் மறந்துபோன ஒரு காலம் உண்டு. என் தாயார் அதற்கு விலை கொடுத்தார்கள். அந்த அனுபவத்தையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சந்துக்குள் ஒரு கேரம் பலகை

1988-ஆம் ஆண்டு, திசையன்விளைக்கு அருகேயுள்ள எங்கள் கிராமத்திலிருந்து புறப்பட்டு, தாதர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினேன். அப்போது எனக்கு வயது இருபது. தாராவியில், தொண்ணூறு அடி சாலைக்குப் பின்புறமுள்ள ஒரு சந்தில் உறவினர் ஒருவரின் வீட்டுப் பரணில் படுக்க இடம் கிடைத்தது. தோல் பைகள் தைக்கும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதும் வேலையும் கிடைத்தது. இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. பகலெல்லாம் எண்களோடு இருப்பேன். மாலையில் பரணில் ஏறிப் படுத்துக்கொண்டு, ஊருக்குப் போகும் ரயிலின் நேரத்தை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன்.

எங்கள் சந்தின் முனையில் ஓர் இரும்புப் பீப்பாயின்மேல் கேரம் பலகை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அதற்குமேல் ஒரு மின்விளக்கைத் தாழத் தொங்கவிட்டிருப்பார்கள். இரவு எட்டு மணிக்குமேல் அங்கே கூட்டம் கூடும். ஒரு வாரம் தூரத்தில் நின்று பார்த்தேன். எட்டாம் நாள் ஆட்டத்துக்கு ஒரு கை குறைந்தது. உத்தரப் பிரதேசத்துத் தையற்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, ஒன்றும் பேசாமல், ஸ்ட்ரைக்கரை என் பக்கமாய்த் தள்ளினார். பள்ளிக்கூட நாட்களில் ஊரில் நானும் ஆடியவன்தான். சிவப்புக் காயைப் போட்டால் அதையடுத்து இன்னொரு காயையும் போட்டே தீரவேண்டும் என்ற விதி, திசையன்விளையிலும் தாராவியிலும் ஒன்றே. அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியதாயிருக்கவில்லை.

மூன்று மாதத்துக்குள் நான் இந்தி பேசினேன். பலகையைச் சுற்றிக் கற்ற இந்தி அது. மஞ்சள் காமாலை கண்டு நான் படுத்தபோது என்னைச் சயான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அந்தத் தையற்காரரே. சில இடங்களில் பணம் வைத்து ஆடினார்கள். அப்படிப்பட்ட பலகைகளை விட்டு விலகிக்கொண்டேன். எங்கள் பலகையில் தோற்றவர் தேநீர் வாங்கித் தரவேண்டும், அவ்வளவே.

கேரம் பலகையை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் சிலர் தள்ளிவிடுகிறோம். உலகக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியன் ஆனார். 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா, சென்னையில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவரின் மகள். குறுகிய சந்துகளில் நாலு பேர் கூடி நிற்க இடம் கொடுத்த பலகைகளிலிருந்தே இப்படிப்பட்டவர்கள் எழும்பி வருகிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது பதக்கங்களைக் குறித்து அல்ல.

ஊரில் விட்டுவந்த தலையணை

காலம் கடந்தது. திருமணம் ஆயிற்று. 2003-இல் செம்பூரில் ஐந்தாவது மாடியில் ஒரு சிறு வீடு வாங்கிக் குடிபோனோம். 2011-இல் ஊரில் என் தகப்பனார் மரித்தார். மறு ஆண்டு என் தாயாரை எங்களோடு அழைத்துவந்தேன். அப்போது அவர்களுக்கு அறுபத்தாறு வயது.

புறப்படுகிற நாளில் அம்மா ஒரு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் லேஸ் பின்னுகிற தலையணை இருந்தது. இறுகத் திணித்த உருண்டைத் தலையணை அது. அதன்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று மாற்றிப் போட்டுப் போட்டு லேஸ் பின்னுவார்கள். என் பாட்டியும் அதையே செய்தார்கள். அந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தத்தைக் கேட்டு நான் தூங்கி வளர்ந்தேன்.

"இதெல்லாம் எதற்கு, அம்மா? அங்கே கால் நீட்டவே இடமில்லை," என்றேன்.

அம்மா ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். வீட்டைப் பூட்டினோம்.

செம்பூரில் அவர்களுக்கு ஒரு குறைவும் வைக்கவில்லை என்றே நான் எண்ணினேன். தனி அறை, தொலைக்காட்சிப் பெட்டி, வேளைக்கு ஆகாரம், மருந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியிலுள்ள எங்கள் தமிழ்ச் சபைக்குப் போவோம். அன்று அம்மாவின் முகம் மலரும். ஆனால் ஞாயிறு ஒன்று, மற்ற நாட்கள் ஆறு. நானும் என் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம். மடித்து வைத்த துணிகளையே மறுபடியும் பிரித்து மடித்துக்கொண்டிருப்பார்கள். எதைக் கேட்டாலும் "சரி" என்ற ஒரே சொல். பிறகு அந்தச் சொல்லும் குறைந்தது. ஆகாரமும் குறைந்தது.

மருத்துவர் எல்லாப் பரிசோதனைகளையும் செய்து பார்த்தார். "உடம்பில் பெரிதாக ஒன்றுமில்லை. பகலில் இவர்களோடு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். என்னிடத்தில் பதில் இல்லை.

எங்கள் கட்டடத்தில் முதியோர் காலையில் கூடிப் பேசுகிற வழக்கம் இருந்தது. அங்கே அம்மாவைக் கொண்டுபோய் விட்டேன். நல்ல மனிதர்கள், அன்பாய்த்தான் அழைத்தார்கள். மூன்றாம் நாள் அம்மா போக மறுத்துவிட்டார்கள். "அவர்கள் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். எந்த இடத்தில் நானும் சிரிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, ஐயா," என்றார்கள்.

பிரியமானவர்களே, அந்த வார்த்தை என் நெஞ்சில் தைத்தது. பரணில் படுத்து ரயிலின் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்த இருபது வயது வாலிபன் என் நினைவுக்கு வந்தான். அவனுக்கு ஒருவர் ஸ்ட்ரைக்கரைத் தள்ளிக் கொடுத்தார். என் தாயாருக்கோ அவர்கள் கையிலிருந்ததையும் ஊரில் விட்டுவரச் சொன்னவன் நானே.

டயமண்ட் கார்டனில் நடந்தது

2013-ஆம் ஆண்டு ஒரு மாலை. மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், அம்மாவுக்கு மூச்சு வாங்கியபடியால், செம்பூர் டயமண்ட் கார்டனில் சற்று உட்கார்ந்தோம். அடுத்த பெஞ்சில் மராத்தியப் பெண்கள் மூன்று பேர் அமர்ந்து குரோஷா பின்னிக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களுடைய கைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று எழுந்துபோய், ஒரு பெண்ணின் கையிலிருந்து ஊசியையும் பின்னலையும் வாங்கி, நாலைந்து கண்ணிகளைப் பிரித்து, விட்டுப்போன ஒரு கண்ணியைக் கோத்து, மறுபடியும் பின்னி, அவள் கையில் திரும்பக் கொடுத்தார்கள்.

எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. "அம்மா, பிறர் பொருளை இப்படித் தொடலாமா?" என்று எழுந்தேன்.

அந்தப் பெண் பின்னலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பெஞ்சில் நகர்ந்து இடம் பண்ணி, "யா, பசா" என்றாள். வாருங்கள், உட்காருங்கள் என்று பொருள். ஒரு வருடமாய் நான் என் தாயாருக்குக் கொடுக்கக் கூடாதிருந்ததை, அந்தப் பெண் ஒரு நொடியில் கொடுத்துவிட்டாள்.

அன்றுமுதல் வாரத்தில் மூன்று நாட்கள், மாலை நாலு மணி முதல் ஆறு மணி வரை, அம்மா அங்கே போனார்கள். முதலில் என் மனைவி கொண்டுபோய் விட்டாள். பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தியே வீட்டு வாசலுக்கு வந்து அழைத்துப்போனாள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மராத்தி தெரியாது. நூலையும் ஊசியையும் காட்டியே முதல் மாதம் கழிந்தது. அதற்குப்பின் சொற்கள் ஒவ்வொன்றாய் வந்தன. அந்தப் பெண்கள் அம்மாவை 'ஆஜி' என்று அழைத்தார்கள். மராத்தியில் பாட்டி என்று அர்த்தம். ஒருநாள் வேலைவிட்டு வந்த என்னிடம், அம்மா தாமாகவே ஒரு கதை சொல்லத் தொடங்கினார்கள். மராத்தியர் வீட்டுத் திருமணங்களில் பெண் வீட்டார் கைவேலைப் பொருட்களையும் பலகாரங்களையும் பரப்பி வைப்பார்களாம். அதற்கு 'ருக்வத்' என்று பெயராம். பேத்தியின் ருக்வத்துக்கு ஒருத்தி மேசை விரிப்புப் பின்னுகிறாளாம், அதற்கு ஓரம் கட்டித்தர அம்மா ஒப்புக்கொண்டார்களாம். கால் மணி நேரம் பேசினார்கள். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பேச்சை நம்பிக் கூடுகிற கூட்டத்தில் மொழியறியாதவர் ஏழையாகிவிடுகிறார். வேலையை நம்பிக் கூடுகிற கூட்டத்தில் கையறிந்தவர் அனைவரும் ஐசுவரியவான்களே. இதை நான் என் தாயாரிடம் கற்றுக்கொண்டேன்.

இதற்குக் காரணம் என்ன?

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அண்மையில் புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும், கல்லூரியில் புதிதாய்ச் சேர்ந்த மாணவர்களையும் அவர் ஆராய்ந்தார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பராவதற்கு 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்கவேண்டியிருக்கிறது என்று அவர் கண்டார். வேலை நிமித்தமாய்ச் சேர்ந்திருக்கும் நேரம் அத்தனை பயன் தருவதில்லை, ஓய்வு வேளையில் மனமுவந்து சேர்ந்திருக்கும் நேரமே நட்பை வளர்க்கிறது என்றும் அவர் கண்டார்.

நான் என் தாயாரின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு ஆறு மணி நேரம். எட்டு வாரத்தில் ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகிவிடும். பதினைந்து வாரத்தில் 90. எட்டு மாதத்தில் 200. உண்மையாகவே எட்டாம் மாதத்தில்தான் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த வேளையில், அந்தப் பெண்களில் ஒருத்தி கஞ்சி வைத்துக் கொண்டுவந்து, மாலை வரை அம்மாவின் கட்டிலருகே இருந்தாள்.

வெறுமனே நண்பரைத் தேடிப் போகிறவருக்கு 200 மணி நேரம் எங்கே கிடைக்கும்? எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்கு நம்மிடம் அத்தனை பேச்சும் இல்லை. கைக்கு ஒரு வேலை இருந்தால் மணிக்கணக்காய் மௌனமாயும் இருக்கலாம், யாரும் தவறாய் எண்ணமாட்டார்கள். இந்த வசதியைத்தான் விருப்பக் கைவேலைகள் நமக்குத் தருகின்றன.

16 நாடுகளில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 93,263 பேரைக் குறித்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளிவந்தது. ஏதேனும் ஒரு விருப்ப வேலையில் ஈடுபடுகிறவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாயும், மகிழ்ச்சியும் வாழ்வில் திருப்தியும் அதிகமாயும் காணப்பட்டன. மனச்சோர்வு இல்லாதவர்களே விருப்ப வேலைகளை நாடுகிறார்கள் என்று ஒருவர் சொல்லக்கூடும். அதிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஊசியைக் கையில் எடுக்கும்வரை என் தாயார் எப்படி இருந்தார்கள் என்பதை நான் கண்ணாரக் கண்டவன்.

நூலால் வந்த உறவு

2014-இல் ஊருக்குப் போனபோது, பூட்டிய வீட்டைத் திறந்து அந்தச் சாக்குப்பையைத் தேடினேன். தலையணையைக் கரையான் அரித்திருந்தது. மரக்கட்டைகள் மாத்திரம் தப்பியிருந்தன. அவற்றைத் துடைத்து எடுத்துவந்து அம்மாவின் கையில் கொடுத்து, என்னை மன்னிக்கும்படி கேட்டேன். "இது போதும் ஐயா, தலையணை திணித்துக்கொள்ளலாம்," என்றார்கள். தாராவியின் தையற்கூடங்களில் வெட்டி எறிகிற துண்டுத் துணிகளை ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். டயமண்ட் கார்டன் பெண்கள் நால்வர் சேர்ந்து அதைத் திணித்து இறுக்கித் தைத்தார்கள். அதன்பின் அம்மா அவர்களுக்கு எங்கள் ஊர் லேஸ் பின்னலைக் கற்றுக்கொடுத்தார்கள்.

இந்தக் கைவேலையே ஒரு வழிப்போக்கன்தான். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்ல்ஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா அம்மையார், அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாயிருந்த பெண்களில் சிலர் அந்த வருமானத்தைக்கொண்டு தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷனரி வரலாறுகள் கூறுகின்றன. அவருடைய மகள் எலைசா, 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது, இந்தக் கைத்தொழிலும் அவரோடு வந்தது. அங்கிருந்து எங்கள் பாட்டிமாரின் கைகளுக்கு வந்தது. இங்கிலாந்திலிருந்து நாகர்கோவில், நாகர்கோவிலிலிருந்து இடையன்குடி, இடையன்குடியிலிருந்து செம்பூர். போன இடமெல்லாம் பெண்களை ஒன்றாய் உட்காரவைத்திருக்கிறது.

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் குரோஷா பின்னல்காரர்கள் ஒன்றுகூடி, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். சுபஸ்ரீ நடராஜன் என்பவர் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழுவினர் அவர்கள். பற்பல ஊர்களிலிருந்து பெண்கள் தங்கள் வீடுகளில் பின்னிய சதுரங்களை இணைத்து அந்தப் போர்வையை ஆக்கினார்கள். என் மனைவி அந்தப் படத்தைக் காட்டியபோது அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனை பேரும் முன்பே ஒருவரையொருவர் அறிந்தவர்களா?" என்று கேட்டார்கள். "இல்லை அத்தை, பின்னலால் அறிந்துகொண்டவர்கள்," என்றாள் அவள். அம்மா தலையசைத்தார்கள்.

ஒரு கேள்வி

இந்த இடத்தில் உங்களில் சிலர் மனதில் எழும்பக்கூடிய கேள்வியை நான் மறைக்க விரும்பவில்லை. எங்கள் சபையிலும் அது எழும்பிற்று. மூத்த சகோதரி ஒருவர் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப்பின் அம்மாவிடம், "பாட்டியம்மா, வாரத்தில் மூன்று நாள் அந்நிய ஜனங்களோடு பூங்காவில் உட்காருகிறீர்களாமே, அந்த நேரம் ஜெபிக்கலாமே," என்றார்.

அம்மா கோபப்படவில்லை. "எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவளை நான் எப்படி அந்நியள் என்று சொல்லுவேன், மகளே?" என்று மாத்திரம் கேட்டார்கள்.

ஒருமுறை பூங்காப் பெண்களில் ஒருத்தி, தன் வீட்டுப் பூஜை மாடத்துக்கு ஒரு விரிப்புப் பின்னித் தரும்படி அம்மாவிடம் கேட்டாள். அம்மா தயங்கினார்கள். பிறகு தங்களுக்குத் தெரிந்த மராத்தியில், "அதைமட்டும் என்னிடம் கேட்காதே, வேறு எது வேண்டுமானாலும் செய்து தருகிறேன்," என்றார்கள். அந்தப் பெண் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். "அப்படியானால் பேரனுக்குக் குல்லா," என்றாள். குல்லா பின்னப்பட்டது. நட்பு குறையவில்லை. இல்லை என்று சொல்லவேண்டியதை அன்போடு சொல்லத் தெரிந்தவர்களுக்கு, ஆம் என்று சொல்லக்கூடியவை எத்தனையோ மீதியிருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்

அருமையானவர்களே, 2025 ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வருந்துகிறார் என்று கூறுகிறது. அப்படியானால் நம்முடைய குடியிருப்புகளிலும் அவர்கள் இருக்கவேண்டும். ஊரிலிருந்து அழைத்துவந்த தாயார், ஓய்வுபெற்ற தகப்பனார், புதிதாய் மணமாகி வந்த மருமகள், வேலைக்காக வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் வாலிபன். அவர்கள் உண்டார்களா என்று கேட்கிறோம். அவர்களுடைய கைகள் எதை அறிந்திருக்கின்றன என்று கேட்கிறோமா?

கேட்டுப் பாருங்கள். கேரமாயிருக்கலாம், செடி வளர்ப்பாயிருக்கலாம், பாட்டாயிருக்கலாம், பறவைகளைப் பார்ப்பதாயிருக்கலாம். தாராவிக்கு எதிர்ப்புறம், பாந்திரா இணைப்புச் சாலையில், மஹாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது. ஒரு காலத்தில் பட்டணத்தின் குப்பையைக் கொட்டிய இடம் அது. 1983 முதல் அங்கே மரங்கள் நடப்பட்டன. 1994-இல் பூங்காவாய்த் திறக்கப்பட்டது. இன்று 37 ஏக்கரில் காடாய் வளர்ந்து நிற்கிறது. பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் காண ஆர்வமுள்ளவர்கள் அங்கே வருகிறார்கள்.

நமக்கு முன் இந்தப் பட்டணத்துக்கு வந்த தென்னிந்தியர்களும் இப்படித்தான் தங்களுக்கு இடம் உண்டாக்கிக்கொண்டார்கள். 1952-இல் சங்கீதப் பிரியர்கள் மாட்டுங்கா பகுதியில் சண்முகானந்தா சபையைத் தொடங்கினார்கள். 1963-இல் அதற்குப் பெரிய அரங்கம் எழும்பியது. 1990-இல் அது தீக்கிரையானபோதும் கலைந்து போகாமல், மறுபடியும் கட்டி 1998-இல் திறந்தார்கள். செம்பூரில் 1962-இல் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி தொடங்கப்பட்டது. பாட்டுக் கேட்கக் கூடியவர்கள் பட்டணத்திலேயே வேரூன்றினார்கள்.

தேடிப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். முதல் நாளிலே வரவேற்பு எப்படியிருக்கிறது என்று தீர்ப்புச் செய்யாதிருங்கள். நான் கேரம் பலகையண்டை ஏழு நாட்கள் நின்றேன். குறித்த நாளில், குறித்த நேரத்தில், பத்துமுறையாவது போங்கள். பழக்கமான முகத்துக்கு ஜனங்கள் தாமாகவே இடம் கொடுப்பார்கள். வேடிக்கை பார்க்கிறவரின் கையிலும் ஏதேனும் ஒரு வேலையைக் கொடுக்கிற கூட்டம் நல்ல கூட்டம். புதியவரின் தவறைக் கண்டு ஏளனமாய்ச் சிரிக்கிற இடத்தையும், பந்தயப் பணம் புழங்குகிற இடத்தையும், வந்தவுடனே சந்தா கேட்கிற இடத்தையும் விட்டு வருத்தமில்லாமல் விலகி வந்துவிடுங்கள். வேறு பெஞ்சு இருக்கிறது.

ஏற்கெனவே இடம் கிடைத்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மில் பலர் மூன்று பேர் இருக்கையில் வசதியாய் அமர்ந்துவிட்டவர்கள். நம் எதிரே நிற்கிறவர் கேட்கக் கூச்சப்படலாம். கேட்கத் தக்க மொழி அவரிடத்தில் இல்லாமலும் இருக்கலாம்.

கடைசியாய் ஒரு காரியம்

என் தாயார் 2019-இல், ஒரு வியாழக்கிழமை அதிகாலையில், தூக்கத்திலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். சிவ்ரி கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்லுமுன், தாராவியிலுள்ள எங்கள் ஜெபவீட்டில் ஆராதனை நடந்தது. பாடல் தொடங்கிய வேளையில் வாசலில் ஐந்து பெண்கள் வந்து நின்றார்கள். டயமண்ட் கார்டன் பெண்கள். இதற்குமுன் அவர்கள் அந்தச் சந்துக்குள் வந்ததில்லை. வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒருத்தியின் கையில், அம்மா கற்றுக்கொடுத்தபடி அவளே பின்னிய ஒரு சாண் அகல லேஸ் இருந்தது. அதைப் பெட்டியின் ஓரத்தில் வைக்கலாமா என்று சைகையால் கேட்டாள்.

யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்தபோது, அவள் தைத்துக் கொடுத்த வஸ்திரங்களைக் காட்டி அழுதுகொண்டு நின்ற விதவைகளைக் குறித்து நீங்கள் வாசித்திருப்பீர்கள். நானும் பலமுறை வாசித்திருக்கிறேன். அன்றுதான் அது எனக்கு விளங்கியது.

வீடு நிறைந்திருந்தது. பாய்களில் இடமில்லை. அந்த ஐவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று அறியாமல், சுவரோரமாய் நின்றார்கள். பாடல் அவர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது. அப்பொழுது, அம்மாவிடம் அன்று கேள்வி கேட்ட அதே மூத்த சகோதரி, தம்முடைய முழங்கால் வலியையும் பாராமல், முன்வரிசையில் சுவர்ப்பக்கமாய் ஒதுங்கினார். அவரைப் பார்த்து அடுத்தவரும், அதற்கடுத்தவரும் ஒதுங்கினார்கள். அந்தச் சகோதரி தமக்கருகே பாயைத் தட்டிக் காட்டினார்.

ஐந்து பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள்.